பாதியில் காணாமல் போகும் மாணவர்களைத் தக்கவைக்க என்னதான் வழி?

கேட்டவர் அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இருவருட அரசுக் கல்லூரியில்) மாணவர் ஆலோசகராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். முப்பது, நாற்பது வயதில் மறுபடி படிக்க வருபவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள், கறுப்பின மாணவர்கள், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்கள், குடியேறி வந்தவர்கள் எல்லாரும் ஆசையாகத்தான் சேர்கிறார்கள், முதல் வருடம் முடிவதற்குள் பலரைக் காணோம், நிர்வாகமோ ஊக்கமூட்டும் பயிலரங்கு நடத்தச் சொல்கிறது, அது பலன் தருமா, வேறு என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி.

பயிலரங்கு நடத்துங்கள், தப்பே இல்லை. பீட்சா வாங்கி வைத்தால் கொஞ்சம் பேர் வரவும் செய்வார்கள். ஆனால் நீங்கள் தேடுகிற ஆள் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். இருபது வருடம் கழித்து மறுபடி வகுப்பில் உட்காரத் துணிந்தவருக்கு ஊக்கம் போதவில்லை என்று சொல்வதே எனக்கு அபத்தமாகப் படுகிறது. நானும் இதே வேலையில் இருப்பவள்தான். நான் பார்த்தவரை இவர்களில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது பாடத்தில் இல்லை, நம் அலுவலக நேரத்திலும் உதவித்தொகை விதிகளிலும் கணக்கு வகுப்பு வரிசையிலும்தான். அதனால் மாணவரைத் திருத்தப் போவதற்கு முன்னால் கல்லூரியின் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை மாற்றியபோது பலன் வந்தது என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது, அதைத்தான் கீழே நீளமாக எழுதுகிறேன்.

முதலில் யார் இவர்கள் என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்க மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையம் ஏழு அடையாளங்கள் வைத்திருக்கிறது: பள்ளி முடித்த கையோடு சேராதவர், பகுதிநேரமாகப் படிப்பவர், வாரம் 35 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை பார்ப்பவர், பெற்றோர் பணத்தில் இல்லாதவர், தன்னை நம்பிப் பிள்ளையோ வேறு ஆட்களோ உள்ளவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் ஜிஇடி மாதிரித் தேர்வு எழுதி வந்தவர். இதில் ஒன்று இருந்தாலே வழக்கமான மாணவர் கணக்கில் வரமாட்டார். கம்யூனிட்டி காலேஜில் இந்த ஏழில் ஒன்றுகூட இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாகப் பகுதிநேரம், சராசரி வயது 27ஐ ஒட்டி. அப்படியிருந்தும் கால அட்டவணை, உதவித்தொகை அலுவலகம், நூலகம், டியூட்டரிங் எல்லாம் அப்பா காரில் வந்து இறங்கும் 18 வயதுப் பிள்ளையை மனதில் வைத்தே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு சின்னப் பழைய கதையும் தெரிந்திருப்பது நல்லது. 1901இல் இல்லினாயில் ஜோலியட்டில் தொடங்கியதுதான் இன்றும் நடக்கிற முதல் அரசு இருவருடக் கல்லூரி. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வது இவற்றின் பெருமை. ஆனால் 1960இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருந்த ஒரு கல்லூரியை ஆராய்ந்துவிட்டு எழுதியது இன்னமும் சுருக்கென்று தைக்கும். எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்த பிறகு 'நாலு வருடப் பட்டம் உனக்குச் சரிப்படாது' என்று மாணவரே நம்பும்படி மெல்ல மெல்ல அவருடைய ஆசையை ஆற்றிவிடுகிறார்கள் என்றார் அவர். அதற்கு முக்கியமான கருவி எது என்று காட்டினார் தெரியுமா, ஆலோசகரின் மேசையை. நீங்களும் நானும் உட்காரும் அதே மேசை.

சரி, வேலை செய்த திட்டங்களுக்கு வருவோம். ஒன்றே ஒன்றைப் படித்தால் போதும் என்றால் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய அசாப் திட்டத்தைப் படியுங்கள். இந்தத் துறையில் 'நல்லது நடந்தது' என்று சொல்லிக்கொள்ளாத திட்டமே கிடையாது. அசாப்பையோ குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் சோதித்தது. ஏழை மாணவர்கள், கல்லூரிப் பாடத்துக்கு முன் முடிக்க வேண்டிய ஒன்றிரண்டு அடிப்படைப் பாடங்கள் பாக்கி உள்ளவர்கள், மொத்தம் 896 பேர். மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தத் துறையில் இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்ப்பது அபூர்வம். பிறகு ஒஹையோவில் மூன்று கல்லூரிகளில் இதையே செய்து பார்த்தார்கள், அங்கேயும் 35க்கு 19 என்று வந்தது. ஆக நியூயார்க்கில் மட்டும் நடந்த அதிசயம் என்று தள்ளிவிட முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் எதுவுமே புதுமை இல்லை, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு ஆலோசகருக்கு 60இலிருந்து 80 மாணவர்கள், அதே கல்லூரியில் மற்ற ஆலோசகர்களுக்கு 600இலிருந்து 1,500 பேர் வரை இருந்த காலத்தில். உதவித்தொகை போக மிஞ்சும் கல்விக்கட்டணம் தள்ளுபடி. பாடப்புத்தகம் இலவசம். சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் மாதாந்திர மெட்ரோகார்டு (பயண அட்டை) அப்போது இலவசமாகக் கொடுத்தார்கள், ஆனால் ஆலோசகரைப் பார்த்தால்தான் கார்டு. அந்தக் கார்டு சாதாரண விஷயமில்லை. வா வா என்று பத்து மின்னஞ்சல் போட்டும் வராதவர் கார்டு வாங்க வருவார், வந்தவரிடம் 'கெமிஸ்ட்ரி எப்படிப் போகுது' என்று கேட்க ஒரு ஆள் அங்கே இருப்பார். அப்புறம் அடிப்படைப் பாடங்களைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே எடுக்கச் சொன்னார்கள், முதல் வருட வகுப்புகளில் திட்ட மாணவர்களை ஒன்றாகப் போட்டார்கள்.

செலவு? மூன்று வருடத்தில் ஒரு மாணவருக்குச் சுமார் 16,300 டாலர் கூடுதல். டீன்கள் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். ஆனால் பட்டம் வாங்கியவர் எண்ணிக்கை ஏறியதால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கூட்டத்தில் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு அசாப்பில் ஒரு மனத்தாங்கல் உண்டு. முழுநேரம், அதாவது செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாட அலகு) எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் 38 வயது நர்ஸிங் உதவியாளருக்கு அது நடக்காது. எனவே பகுதிநேரக்காரர்களுக்கு இதை அப்படியே தூக்கிவைக்க முடியாது, எலும்பை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: பேர் தெரிந்த ஒரே ஆலோசகர், கட்டாயச் சந்திப்பு, சந்தித்தால் கையில் ஏதாவது உருப்படியான உதவி. உங்களுக்கு ஆயிரம் பேர் கொடுத்திருந்தால் ஆயிரம் பேரையும் சமமாகக் கவனிப்பதாக நடிக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்து பகுதிநேரம் படிக்கும், குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்த ஒரு சின்னக் குழுவைப் பிரித்து எடுத்து முதல் பத்து வாரம் அவர்களை மட்டும் விடாமல் துரத்துங்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சேவை போதும்.

அடுத்தது கணக்கு. இதில்தான் அதிகம் பேர் சத்தமில்லாமல் போயிருக்கிறார்கள். பழைய முறை என்னவென்றால், சேரும்போது ஒரு கணினித் தேர்வு, இருபது வருடமாக அல்ஜீப்ராவைத் தொடாதவர் அதில் குறைவாக வாங்குவார், உடனே அவரைக் கல்லூரிக் கணக்குக்கு மூன்று படி கீழே உட்காரவைப்பார்கள். அந்த வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டும், ஆனால் பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு படியிலும் 70 சதவீதம் தேறுகிறார்கள், தேறியவர்களில் 80 சதவீதம் அடுத்த படியில் பதிவு செய்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 100 பேரில் முதல் படி தாண்டி வருபவர் 56, இரண்டாவது தாண்டி 31, மூன்றாவது தாண்டிக் கல்லூரிக் கணக்கு வகுப்பில் வந்து உட்காருபவர் 17 அல்லது 18. எந்த ஆசிரியரும் மோசமாகப் பாடம் எடுக்கவில்லை, எந்த மாணவரும் சோம்பேறி இல்லை, படிகளின் எண்ணிக்கையே ஆளை விழுங்கிவிட்டது. கீழ்ப் படிகளில் அதிகம் உட்காரவைக்கப்பட்டவர்கள் கறுப்பின, லத்தீனோ மாணவர்களும் வயதில் மூத்தவர்களும்தான்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கோரெக்விசிட். நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே உட்காரவைத்து, கூடவே வாரத்துக்குச் சில மணி நேரம் துணை வகுப்பு. நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா லோக் குழுவினர் இதையும் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். அடிப்படை அல்ஜீப்ராவுக்கு அனுப்ப வேண்டியவர்களில் ஒரு பகுதியினரைத் துணை வகுப்போடு நேராகக் கல்லூரிப் புள்ளியியலில் போட்டபோது 56 சதவீதம் தேறினார்கள். வழக்கம்போல் அடிப்படை அல்ஜீப்ராவில் இருந்தவர்களில் தேறியது 39 சதவீதம். கடினமான பாடத்தில் அதிகம் பேர் தேறினார்கள் என்றால் முதலில் யாருமே நம்பவில்லை. டென்னசி 2015இல் மாநிலம் முழுக்க இதற்கு மாறியது, கலிஃபோர்னியா 2017இல் ஏபி 705 என்று சட்டமே போட்டது.

உங்கள் மாநிலத்தில் இது இன்னும் அரைகுறையாக இருந்தால், ஆலோசகராக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம், யாருக்கு எந்தக் கணக்கு தேவை என்று பார்த்து அனுப்புவது. சமூகப் பணி படிக்கப் போகிறவருக்குக் காலேஜ் அல்ஜீப்ரா எதற்கு, புள்ளியியல் போதும். இன்ஜினியரிங் போகிறவரைப் புள்ளியியலில் தள்ளிவிட்டால் அவர் பிறகு கால்குலஸ் வரிசைக்குத் திரும்பி வர ஒரு வருடம் போய்விடும். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் பழைய பள்ளி மதிப்பெண்ணையும் பாருங்கள், அது எவ்வளவு பழசாக இருந்தாலும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோரெக்விசிட் என்று பலகை மாட்டிவிட்டுத் துணை வகுப்பை யாரோ ஒரு புதியவர் தலையில் கட்டிவிட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் ஒரே ஆசிரியர் எடுப்பதுதான் உத்தமம்.

இப்போது பணம். கல்விக்கட்டணம்தான் தடை என்று வெளியில் எல்லாரும் நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 4,000 டாலர், ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகை முழுதாக 2025-26க்கு 7,395 டாலர், அதாவது மிகவும் ஏழையான மாணவர் முழுநேரம் படித்தால் கட்டணம் போகவும் கையில் மிஞ்சும். வாடகை, சாப்பாடு, காருக்கு டயர், பிள்ளை காப்பகம், இவைதான் ஆளைச் சாய்க்கிறது. டெக்சஸில் அமரில்லோ காலேஜ் தன் மாணவர்களிடம் எது தடை என்று கேட்டபோது முதல் பத்து பதில்களில் ஒன்றுகூட வகுப்பறை சம்பந்தப்பட்டதாக இல்லையாம். ரஸ்ஸல் லோவரி-ஹார்ட் தலைமையில் அவர்கள் 'மரியா' என்று தங்கள் சராசரி மாணவிக்கு ஒரு பெயரே வைத்தார்கள்: 27 வயது, லத்தீனோ, குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர், பகுதிநேரப் படிப்பு, இரண்டு பகுதிநேர வேலை, பிள்ளை உண்டு. எந்த விதி போடும்போதும் இது மரியாவுக்குச் சரிப்படுமா என்று கேட்டார்கள். சமூகப் பணியாளர்கள், உணவுக் கிடங்கு, அவசர உதவிப் பணம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். 16 வாரப் பாடங்களில் பெரும்பகுதியை 8 வாரமாக மாற்றினார்கள். 2023இல் சிறந்த கம்யூனிட்டி காலேஜுக்கான ஆஸ்பன் பரிசு இந்தக் கல்லூரிக்கும் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் வேலி காலேஜுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அவ்வளவு பெரிய ஏற்பாடு உங்கள் கையில் இல்லை. ஆனால் உதவித்தொகை விதிகளைக் கரைத்துக் குடிப்பது உங்கள் கையில் இருக்கிறது, அது பல ஆயிரம் டாலர் பெறும். உதாரணமாக, 24 வயதான, அல்லது திருமணமான, அல்லது தன் பிள்ளையைப் பராமரிக்கிற மாணவர் ஃபாஃப்சா என்ற மத்திய உதவித்தொகை விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் வருமானத்தைக் காட்டவே வேண்டாம். இது தெரியாமல் 'எங்கப்பா கையெழுத்துப் போட மாட்டார்' என்று விண்ணப்பமே போடாத 26 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். வேலை போய்விட்டது, விவாகரத்து ஆகிவிட்டது என்றால் பழைய வருமானத்தை வைத்துக் கணக்கிட்டதை மாற்றச் சொல்லி உதவித்தொகை அலுவலகத்தில் கேட்கலாம், மாற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளை காப்பகச் செலவைப் படிப்புச் செலவில் சேர்க்கச் சொல்லலாம், கேட்டால்தான் சேர்ப்பார்கள். பாதிநேரமோ அதற்கு மேலோ படிப்பவருக்குச் சாதாரணமாக அரசின் உணவு உதவி கிடையாது என்பார்கள், ஆனால் வாரம் 20 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கும் ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவருக்கும் விலக்கு உண்டு. பலர் கவுன்ட்டரில் 'மாணவர்' என்று சொன்னவுடன் திருப்பி அனுப்பப்பட்டு, அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இதைவிடக் கொடுமை, திரும்பி வருபவருக்கு நாம் வைத்திருக்கும் பொறி. 19 வயதில் சேர்ந்து, ஏதோ குடும்பப் பிரச்சினையில் சொல்லாமல் நின்றுபோய், நாலு பாடத்தில் எஃப் (தோல்வி) வாங்கியவர் 35 வயதில் வருகிறார் என்று வையுங்கள். உதவித்தொகை தொடர 'திருப்திகரமான முன்னேற்றம்' காட்ட வேண்டும்: பெரும்பாலான கல்லூரிகளில் எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதம் தேறியிருக்க வேண்டும், மதிப்பெண் சராசரி நாலுக்கு 2.0 வேண்டும், 60 கிரெடிட் பட்டத்துக்கு 90 கிரெடிட்டுக்கு மேல் எடுத்திருக்கக் கூடாது. பழைய எஃப்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பழைய மதிப்பெண்ணை மன்னித்துவிட்டோம் என்று கல்லூரி சொன்னாலும் உதவித்தொகைக் கணக்கில் அந்தக் கிரெடிட்கள் இருக்கும், இந்த நுணுக்கம் ஆலோசகர்களுக்கே பலருக்குத் தெரியாது. வழி என்னவென்றால் மேல்முறையீடு. அன்று என்ன நடந்தது, இன்று என்ன மாறியிருக்கிறது, இவை இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி, கிடைத்தால் ஒரு சான்று இணைத்துக் கொடுக்கலாம். மாணவர் திரும்பி வந்த முதல் நாளே இதை உட்கார்ந்து எழுத வையுங்கள். அவர் வகுப்பெல்லாம் சேர்ந்து மூன்று வாரம் கழித்து உதவித்தொகை இல்லை என்ற கடிதம் வந்தால் அதோடு சரி, மூன்றாவது முறை வரமாட்டார்.

இன்னொன்று, செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுவதற்கு முன் எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால் வாங்கிய உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டும். கல்லூரி அதைக் கட்டிவிட்டு மாணவர் பெயரில் பாக்கி எழுதும். பாக்கி இருந்தால் அடுத்த பதிவு கிடையாது, சில இடங்களில் டிரான்ஸ்கிரிப்ட்டும் (மதிப்பெண் பட்டியலும்) கிடையாது (பல மாநிலங்கள் இப்போது அதைத் தடுத்துவிட்டன, உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்). ஆகவே யாராவது வந்து 'எல்லாத்தையும் ட்ராப் பண்ணிடறேன்' என்றால் உடனே படிவத்தை நீட்டாதீர்கள். தேதியைப் பாருங்கள். ஒரு பாடத்தையாவது வைத்துக்கொள்ள முடியுமா, ஆசிரியர் இன்கம்ப்ளீட் (மிச்சத்தைப் பிறகு முடிக்க அவகாசம்) கொடுப்பாரா, இன்னும் பத்து நாள் பொறுத்தால் 60 சதவீதம் தாண்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது வெளிப்படை. மாலை ஆறு மணி வகுப்புக்கு வருபவருக்கு ஐந்து மணிக்குப் பூட்டும் அலுவலகத்தால் என்ன பயன்? வாரத்தில் இரண்டு மாலையாவது உதவித்தொகை, ஆலோசனை, டியூட்டரிங் மூன்றும் திறந்திருக்கட்டும். மாலையில் தொடங்கிய பட்டத்தை மாலையிலேயே முடிக்க முடியுமா என்று அட்டவணையைப் பாருங்கள், பல இடங்களில் கடைசி இரண்டு பாடம் பகலில் மட்டும்தான் இருக்கும். அமெரிக்காவில் இளங்கலை படிப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிள்ளை வளர்ப்பவர். வளாகக் காப்பகம் இருந்தாலும் அது மாலையில் மூடியிருக்கும். வகுப்பு தொடங்கிய பிறகு சேர விடுவது கருணை மாதிரித் தெரியும், ஆனால் ஒரு வாரம் தாமதமாக வந்தவர் புத்தகம் இல்லாமல் முதல் தேர்வு எழுதுவார். ஒர்லாண்டோவில் வலென்சியா காலேஜ் முதல் வகுப்பு நடந்துவிட்ட பாடத்தில் சேர்ப்பதையே நிறுத்தியது, அதற்குப் பதில் சில வாரம் கழித்துத் தொடங்கும் வேறு பிரிவுகளை வைத்தது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

சிறுபான்மை மாணவர்கள் என்று கேட்டீர்களே, இதுவரை சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும், ஆனால் அதோடு முடியவில்லை. 'இந்த இடம் எனக்கானதுதானா' என்ற சந்தேகம் என்பது தனி விஷயம். லாரா ரெண்டோன் என்ற ஆய்வாளர், இவரே டெக்சஸ் எல்லை ஊரான லரேடோவில் இருவருடக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கியவர், 1994இல் சொன்னது இதுதான்: இந்த மாணவர்கள் தானாக வந்து கலந்துகொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், 'உன்னால் முடியும், நீ எழுதியது நன்றாக இருக்கிறது' என்று கல்லூரியில் இருப்பவர் முதலில் போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் ஆரம்ப வாரங்களிலேயே. நம்மூரில் ஆசிரியர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். டெக்சஸில் ஒடெஸ்ஸா காலேஜ் கிட்டத்தட்ட இதையே விதியாக்கியது: முதல் வாரத்திலேயே பெயர் தெரிந்துகொள்வது, ஒவ்வொரு மாணவரையும் தனியாக ஒருமுறை சந்திப்பது, வராமல் போனால் உடனே விசாரிப்பது. பைசா செலவில்லை.

யார் பாடம் எடுக்கிறார் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் டி ஆன்சா காலேஜ் பதிவுகளை வைத்து ராபர்ட் ஃபேர்லி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிறுபான்மை மாணவர்களுக்குச் சிறுபான்மை ஆசிரியரே இருந்த வகுப்புகளில் வெள்ளை மாணவர்களோடு மதிப்பெண்ணிலும் பாதியில் விடுவதிலும் இருந்த இடைவெளி 20இலிருந்து 50 சதவீதம் வரை குறைந்தது. நியமனம் உங்கள் கையில் இல்லை, சரி. ஆனால் டியூட்டர், மூத்த மாணவ வழிகாட்டி, முதல்நாள் வரவேற்கும் ஆள், இவர்களை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கலிஃபோர்னியாவில் 1981இல் சாபோ காலேஜில் தொடங்கிய புவெந்தே திட்டம் இதே நூலைப் பிடித்துத்தான் வளர்ந்தது: ஆங்கில எழுத்து வகுப்பு, லத்தீனோ எழுத்தாளர்களின் வாசிப்பு, அதே சமூகத்தில் வேலையில் இருக்கும் ஒரு வழிகாட்டி, தொடர்ந்து ஒரே ஆலோசகர். பழங்குடியினர் இன்னும் ஒரு படி மேலே போய், 1968இல் நவாஹோக்கள் தங்கள் கல்லூரியையே தாங்களே தொடங்கிவிட்டார்கள், இன்று அதன் பெயர் டினே காலேஜ்.

அரசியலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் மாதிரி மாநிலங்களில் இனத்தைச் சொல்லித் தனி அலுவலகம் வைக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது, 2025 செப்டம்பரில் மத்தியக் கல்வித் துறை சிறுபான்மையினர் அதிகம் படிக்கும் நிறுவனங்களுக்கான சுமார் 35 கோடி டாலரை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் பலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொல்வேன், மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இனப் பெட்டியில் டிக் அடிக்கவே தேவையில்லை. கீழ்ப் படிக் கணக்கு வகுப்பை ஒழித்தால், மாலை அலுவலகத்தைத் திறந்தால், முதல் தலைமுறை மாணவரைத் தேடிப்போனால், யாருக்கு அதிகப் பயன் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

டிரான்ஸ்ஃபர் (இங்கிருந்து நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது) பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. சேருபவர்களில் ஐந்தில் நான்கு பேர் கடைசியில் இளங்கலைப் பட்டம் வேண்டும் என்கிறார்கள். ஆறு வருடத்தில் வாங்குபவர் 16 சதவீதம். கறுப்பின மாணவர்களில் 9, சேரும்போது 25 வயதைத் தாண்டியவர்களில் 6. பெரிய திருடன் கிரெடிட் இழப்பு. கல்லூரி மாறுபவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் சொன்னது. 'ஏதாவது பொதுப்பாடம் எடு, பிறகு பார்த்துக்கலாம்' என்று நாம் சொல்வதுதான் இதற்குப் பாதிக் காரணம். மாணவர் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று உத்தேசமாகவாவது சொல்ல வைத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு பாடம் தேர்ந்தெடுங்கள். வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018இலிருந்து நடத்தும் அட்வான்ஸ் திட்டத்தில் மாணவர் முதல் செமஸ்டரிலிருந்தே இரண்டு இடத்துக்கும் சொந்தம், எந்தப் பாடம் எங்கே சேரும் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். வலென்சியாவுக்கும் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கும் இப்படி ஒரு உத்தரவாத ஏற்பாடு பல வருடமாக இருக்கிறது.

குடியேறிகள் பற்றி ஒரு வார்த்தை, நம் ஆட்களும் இதில் வருவதால். எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரரின் துணைக்கானது) வரும் பெண்களில் பலர் ஊரில் பி.இ., எம்.எஸ்சி. முடித்தவர்கள். எச்4இல் இருந்துகொண்டே படிக்கலாம், எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை, ஆனால் பெல் கிராண்ட் மாதிரி மத்திய உதவி கிடைக்காது, உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இவர்களை மொழி வகுப்பின் முதல் படியில் உட்காரவைப்பதற்கு முன் பழைய டிரான்ஸ்கிரிப்ட்டை மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். ஸ்பானிஷ் பேசும் கணக்காளருக்கும் எத்தியோப்பிய செவிலியருக்கும் இதே கதைதான். ஆங்கிலம் தடுமாறுகிறவர் படிப்பில் தடுமாறுகிறவர் என்று வைத்துக்கொள்வது இந்த நாட்டு அலுவலகங்களில் ஊறிப்போன பழக்கம். வாஷிங்டன் மாநிலத்தின் ஐ-பெஸ்ட் முறையில் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் தொழில் பாடம், ஒருவர் மொழி அல்லது அடிப்படைத் திறன். மொழி முடித்த பிறகு தொழில் என்று காத்திருக்க வைப்பதில்லை.

இவ்வளவையும் ஒரு செமஸ்டரில் செய்ய முடியாது. எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பட்டியல் கேளுங்கள்: 45 கிரெடிட்டுக்கு மேல் முடித்து, கடந்த மூன்று வருடத்தில் பட்டம் வாங்காமல் நின்றுபோனவர்கள். நாடு முழுக்க இப்படிக் கொஞ்சம் படித்துச் சான்றிதழ் இல்லாமல் இருக்கும், வேலை செய்யும் வயதினர் மூன்றரைக் கோடிக்கு மேல். உங்கள் பட்டியலில் ஒரு சிலர் பட்டத்துக்குத் தேவையானதை ஏற்கனவே முடித்திருப்பார்கள், விண்ணப்பிக்கத் தெரிந்திருக்காது. சிலருக்கு ஒரு கணக்குப் பாடம் பாக்கி. சிலரை ஒரு சின்ன நூலக அபராதமோ பார்க்கிங் பாக்கியோ நிறுத்திவைத்திருக்கும், அதைத் தள்ளுபடி செய்ய டீனிடம் கேட்டுவிட்டே ஃபோனை எடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் எடுக்க மாட்டார்கள். ஏன் நின்றீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம். 'உங்களுக்கு இன்னும் இரண்டு பாடம்தான் இருக்கு, ஒன்று வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நடக்குது, சேர்த்துவிடட்டுமா' என்று கேளுங்கள்.